பாரபட்சம் இல்லை, ஒருபக்கச் சாய்வு

"தொழிலாளர்களின் பதில்களில் நினைவுப் பாரபட்சம் காணப்பட்டது." பணியிட உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வறிக்கையின் தமிழாக்கத்தில் போன வாரம் படித்த வரி. இதே சொல்லை எத்தனை அறிக்கைகளில்தான் பார்ப்பது! படிப்பவருக்கு என்ன தோன்றும்? தொழிலாளர்கள் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள் என்றுதானே?

மூலச்சொல் 'பயஸ்' (bias). ஆய்வு முடிவு உண்மையிலிருந்து ஒரே பக்கமாக விலகிப் போவதை அது குறிக்கும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சரிவு, கோணல் என்று பொருள். புல்தரையில் உருட்டி ஆடும் ஒருவகைப் பந்து, நேராக உருட்டினாலும் ஒரு பக்கமாக வளைந்தே போகும். அந்த வளைவுக்கும் பயஸ் என்றுதான் பெயர். பந்துக்கு உள்நோக்கம் கிடையாது.

பாரபட்சம் காட்ட ஓர் ஆள் வேண்டும். அதிகாரி காட்டலாம், நடுவர் காட்டலாம். முதுகுவலி உள்ளவரிடம் 'போன வருஷம் எவ்வளவு பாரம் தூக்கினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். வலி எதனால் வந்தது என்று பலமுறை யோசித்தவர், ஒவ்வொரு மூட்டையையும் சொல்வார். கூடவே அதே பாரம் தூக்கிய, வலி இல்லாதவர் 'அப்படி ஒன்றும் அதிகமில்லை' என்பார். இருவரும் மனதறிந்து பொய் சொல்லவில்லை. ஆனாலும் கணக்கில் பாரத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

அப்புறம் 'தேர்வுப் பாரபட்சம்', அதாவது ஆய்வில் யார் சேர்கிறார்கள் என்பதால் வரும் கோணல். வேலையால் நோயில் விழுந்தவர் எப்போதோ விலகிப் போயிருப்பார். பட்டறையில் நின்று வினாத்தாளை நிரப்புகிறவர் தாக்குப்பிடித்தவர். அதனால் வேலையின் கெடுதல் கணக்கில் குறைவாகத் தெரியும். கடினமான தொழில்களிலிருந்து நலிந்தவர்கள் விலகிவிடுவதை இங்கிலாந்தில் வில்லியம் ஓகல் 1885இலேயே கவனித்து எழுதினார். இதில் யார் யாருக்குப் பாரபட்சம் காட்டினார்கள்?

'பிழை' என்றும் எழுதுகிறார்கள். போதாது. தற்செயல் பிழை கூடவும் குறையவும் வரும். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் அடங்கும். கோணல் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே பக்கம்தான் தப்பு. 'சார்பு' கணிதத்தில் 'ஃபங்ஷன்' என்பதற்குப் போய்விட்டது. வெறும் 'சாய்வு' என்றால் நேர்க்கோட்டின் சாய்வோடு குழம்பும். 'கோட்டம்' எனக்குப் பிடித்த சொல். 118ஆம் குறள் தராசைக் காட்டித்தான் 'ஒருபால் கோடாமை', அதாவது ஒரு பக்கம் சாயாமை, என்கிறது. ஆனால் இன்று கோட்டம் என்றால் கோயிலோ வருவாய்க் கோட்டமோதான் நினைவுக்கு வரும். ஆகவே 'ஒருபக்கச் சாய்வு'. நீளம்தான், பரவாயில்லை.

அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப்போடும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த அறிக்கையை வைத்துத்தான் ஒரு தொழிலாளி இழப்பீடு கேட்டு நிற்கக்கூடும் என்பதை நினைக்க வேண்டும். 'பாரபட்சம்' என்ற ஒரு சொல்லைச் சுட்டி, அவர் சொன்னதையெல்லாம் தள்ளிவிடலாம். 'பதில்களில், நினைவால் வரும் ஒருபக்கச் சாய்வு காணப்பட்டது' என்று எழுதியிருந்தால் அவர்மேல் பழி விழுந்திருக்காது.