புள்ளிமானின் தனிக் கடிகாரம்

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அலுவலக நண்பர்களோடு டெக்சாஸ் மலைநாட்டில், கெர்வில் பக்கம், ஒரு தனியார் வேட்டைப் பண்ணைக்குப் போயிருக்கிறார். ஆயிரக்கணக்கான ஏக்கர், சுற்றிலும் எட்டடி வேலி, நடுவில் நட்சத்திர ஓட்டல் மாதிரி ஒரு விடுதி. இவர் துப்பாக்கியைத் தொடவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, திறந்த வண்டியில் கைடோடு சுற்றியிருக்கிறார்.

"நம்ம ஊர்ப் புள்ளிமான் அங்கே கூட்டம் கூட்டமாக மேய்கிறது சார். ஜனவரி மாதம். ஒரு ஆணுக்குப் பளபளவென்று முற்றிய கொம்பு. பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றுக்கு வெல்வெட் போர்த்திய இளங்கொம்பு. ஆனால் அந்த ஊர் வெள்ளைவால் மான்களில் ஒன்றுக்குக்கூட வெல்வெட் இல்லை. கைடிடம் கேட்டேன். 'ஆக்சிஸ் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். ஏன் அப்படி?"

அருமையான கேள்வி. (ஆக்சிஸ் என்பது புள்ளிமானுக்கு அங்கே வழங்கும் பெயர்.) அந்தப் பண்ணையின் வியாபாரமே பாதி இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

புள்ளிமான் டெக்சாஸுக்குப் போனது 1932-இல். ஏறக்குறைய அதே காலத்தில்தான் நீல்காய் என்ற நம் நாட்டு விலங்கு தெற்கு டெக்சாஸின் கிங் ராஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. 3,300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பண்ணை அது. நம் வெளிமானும் டெக்சாஸுக்குப் போயிற்று. அங்கே சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. வெள்ளைவால் மான் யாருடைய நிலத்தில் மேய்ந்தாலும் அது மாநில மக்களின் சொத்து. சுடுவதற்குப் பருவம் உண்டு, ஏறத்தாழ நவம்பர் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை. வெளிநாட்டிலிருந்து வந்த விலங்குகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆடு மாடு போல நில உரிமையாளரின் பொறுப்பு; எந்த மாதமும் சுடலாம். ஜனவரிக்குப் பிறகு விடுதிச் சமையல்காரரும் கைடும் சும்மா உட்காராமல் இருப்பதற்குப் புள்ளிமான் ஒரு முக்கியக் காரணம். ஆண்டின் எந்த நாளில் பரண் ஏறினாலும், எங்கோ ஒரு புள்ளிமானின் தலையில் முற்றிய கொம்பு இருக்கும். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

இப்போது கொம்புக்கு வருவோம். தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. உயிரியலில் இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். நீல்காய், வெளிமான், ஆடு, மாடு ஆகியவற்றின் கொம்பு உள்ளே எலும்பும் மேலே நகத்தின் பொருளால் ஆன உறையுமாக இருக்கும், வாழ்நாள் முழுக்க வளரும், உதிராது. வெளிமானின் கொம்பை இரும்பை முறுக்கிவிட்டதுபோல என்று ஒரு சங்கப் புலவர் பார்த்திருக்கிறார். அந்த விலங்குக்கு இரலை என்று தனிப்பெயரும் கொடுத்துவிட்டார்கள். நாம்தான் பிறகு எல்லாவற்றையும் மான் என்று ஒரே பட்டியில் அடைத்தோம். புள்ளிமான், கடமான், வெள்ளைவால் மான் இவற்றின் தலையில் இருப்பது கிளைக்கொம்பு. முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் அது விழுந்து, புதிதாக முளைக்கும்.

"முளைக்கும்" என்று லேசாக எழுதிவிட்டேன். பாலூட்டிகளில், ஒரு முழு உறுப்பை, தோல், நரம்பு, ரத்தக்குழாய், எலும்பு சகிதமாக, ஆண்டுக்கு ஒருமுறை அடியிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பும் குடும்பம் இது ஒன்றுதான். நமக்கு ஒரு விரல் போனால் போனதுதான்.

மண்டையோட்டில் இரண்டு குட்டைத் தண்டுகள் உண்டு. பழைய கொம்பு விழுந்ததும் அந்தத் தண்டின் மேல் புண் ஆறுகிறது; தழும்பு விழாமல் ஆறுகிறது. அதுவே முதல் அதிசயம். தண்டைச் சுற்றியுள்ள எலும்புச் சவ்வில் இருக்கும் ஸ்டெம் செல்கள் பெருகத் தொடங்கும். வளர்ச்சி நுனியில் நடக்கும், அடியில் அல்ல. முதலில் குருத்தெலும்பு, அதன் பின்னாலேயே அதை அழித்துக்கொண்டு எலும்பு. கருவறையில் நம் கால் எலும்பு உருவான அதே வழிதான், வேகம் மட்டும் வேறு. எல்க் போன்ற பெரிய மான்களில் ஒரு நாளில் 2 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். கூடவே நரம்பும் ஓடி வளர வேண்டும். நம் கையில் அறுபட்ட நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கொம்பின் நரம்புகள் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன.

மேலே போர்த்தியிருக்கும் வெல்வெட், உயிருள்ள தோல். தொட்டால் சூடாக இருக்கும். அந்த மாதங்களில் ஆண் மான் முள்மரத்துக்குள் தலையை நுழைக்கத் தயங்கும், இடித்துக்கொண்டால் வலிக்கும். இதே மான்தான் சில மாதம் கழித்து அதே தலையால் இன்னொரு மானை மோதித் தள்ளப்போகிறது.

இவ்வளவு சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போவது? மேய்ச்சல் போதாது. மான் தன் விலா எலும்பிலிருந்தே எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கிறது. அந்தச் சில வாரங்களுக்கு அதன் எலும்புக்கூடு, வயதான பெண்களுக்கு வரும் எலும்பு மெலிவு நோய் நிலையில் இருக்கும். பிறகு தின்று தின்று திருப்பி நிரப்பிவிடும். எலும்பு மருத்துவர்கள் இதை ஏன் இத்தனை ஆசையோடு பார்க்கிறார்கள் என்று புரிகிறதா? புற்றுநோய் ஆய்வாளர்களுக்கும் ஆசை உண்டு. 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த மரபணு ஆய்வு ஒன்று, கொம்பின் வளர்ச்சியில் எலும்புப் புற்றோடு தொடர்புடைய மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன, கூடவே கட்டிகளை அடக்கும் மரபணுக்களும் முடுக்கப்படுகின்றன என்று காட்டியது. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1970-களில் ஜெர்மனியில் நடந்தது. கொம்பு முளைக்கவேண்டிய இடத்திலிருந்து அந்த எலும்புச் சவ்வை ஒரு துண்டு எடுத்து, ரோ என்ற சிறிய ஐரோப்பிய மானின் முன்னங்காலில் ஒட்டவைத்தார்கள். காலில் கொம்பு முளைத்தது.

சரி, எப்போது முளைப்பது, எப்போது விழுவது என்று யார் சொல்கிறார்கள்? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். ரத்தத்தில் அது ஏறும்போது கொம்பு இறுகும், வெல்வெட்டுக்கு ரத்தம் நிற்கும், மான் அதை மரத்தில் தேய்த்து ஒரு நாளில் உரித்துவிடும். மீதமிருப்பது செத்த எலும்பு. இணைசேரும் பருவம் முடிந்து டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும், எலும்பரிக்கும் செல்கள் தண்டும் கொம்பும் சேரும் இடத்தைக் கரைத்துவிடும். நேற்றுவரை சண்டையில் அசையாத கொம்பு இன்று வேலி தாண்டும்போது கழன்று விழும். வெல்வெட் காலத்தில் விதை அடிபட்ட மானுக்கு இந்த ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொம்பு இறுகாமல், உதிராமல், கண்ட இடத்தில் முடிச்சு முடிச்சாக வளர்ந்துகொண்டே போகும். டெக்சாஸ் வேட்டைக்காரர்கள் அதைக் 'கேக்டஸ் பக்' என்பார்கள். பார்த்தால் சப்பாத்திக்கள்ளியைத் தலையில் கவிழ்த்தது போலவே இருக்கும்.

டெஸ்டோஸ்டிரோனுக்கு யார் சொல்கிறார்கள்? இங்கேதான் சூரியன் வருகிறது. இருட்டு நேரம் முழுக்க மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். அந்த நீளத்தை மூளை அளந்து, ஹார்மோன்களை ஆளும் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணை அனுப்பும். நாட்கள் சுருங்கத் தொடங்கினால் வெள்ளைவால் மானுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும். செப்டம்பரில் வெல்வெட் உரியும். குளிர்காலத்தின் முடிவில் கொம்பு விழும். மலைநாட்டின் எல்லா ஆண் மான்களும் ஒரே சூரியனைப் பார்ப்பதால் எல்லாமே ஒன்றுபோல நடக்கும்.

இதை நிரூபித்தவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் காஸ். சிகா என்ற ஆசிய மான்களைக் கொட்டகையில் அடைத்து, விளக்குகளை நேரங்காட்டியில் இணைத்துவிட்டார். ஓராண்டுக்கான வெளிச்ச மாற்றத்தை 6 மாதத்தில் ஓட்டினார். மான்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கொம்பு போட்டன. 4 மாதத்தில் ஓட்டினால் மூன்று முறை. நாள் தவறாமல் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று நிறுத்தினால்? கொம்பு மாறவே இல்லை. சுவரில் நாட்காட்டியைக் கிழிக்க ஆள் இல்லாத வீடு மாதிரி, போட்ட கொம்போடு அப்படியே நின்றன.

அந்தப் பன்னிரண்டு மணி நேரச் சோதனையைப் படித்தபோது எனக்குச் சென்னைதான் நினைவுக்கு வந்தது. சென்னையின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். மலைநாட்டை ஒட்டிய சான் அன்டோனியோ நகரில் அது ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி. வெளிச்சம் இவ்வளவு சோம்பலாக மாறும் ஊரில் பரிணமித்த மான், சூரியனை நம்பிக் கொம்பை வளர்த்தால் என்ன ஆகும்? நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. வடக்கே குட்டி கோடைத் தொடக்கத்தில் பிறந்தாக வேண்டும். தவறினால் பனியில் செத்துவிடும். நம் ஊரில் புல்லைக் கொண்டுவருவது மழை, அதுவோ தேதி பார்த்து வருவதில்லை. எனவே புள்ளிமானின் உடலில் சூரியனோடு இறுகக் கட்டிய கயிறு இல்லை. ஒவ்வொரு ஆணுக்கும் ஏறக்குறைய ஓராண்டு நீளமுள்ள சொந்தக் கடிகாரம் ஓடுகிறது. ஒன்றின் கடிகாரம் மார்ச்சில் அடிக்கும், பக்கத்து மானுக்கு அக்டோபரில். சென்னை ஐஐடி வளாகத்தில் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள்: விடுதி வாசலில் வெல்வெட் கொம்பும் முற்றிய கொம்பும் ஒன்றாக மேய்ந்திருக்கும்.

வெளிச்சம் நன்றாக மாறும் இடத்துக்குக் கொண்டுபோனால் திருந்திவிடுமோ? திருந்தவில்லை. இங்கிலாந்தில், கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும் இடத்தில் வளர்த்த புள்ளிமான்களிலும் ஆண்கள் ஆளுக்கொரு பருவத்தில்தான் கொம்பு போட்டன; குட்டிகள் எல்லா மாதமும் பிறந்தன. டெக்சாஸில் 90 ஆண்டுக்கு மேலாகியும் அப்படித்தான். கோடையில் முற்றிய கொம்பு அதிகம் தெரியும் என்பது உண்மை, ஆனால் ஜனவரியிலும் தெரியும். உங்கள் கைடு சொன்ன "அப்படித்தான்" முழுக்கச் சரி, விளக்கம் மட்டும்தான் பாக்கி.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. பிப்ரவரி 2021-இல் டெக்சாஸ் பல நாள் உறைந்து கிடந்தபோது, வெள்ளைவால் மான்கள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. புள்ளிமான்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. குளிருக்கான கொழுப்பும் மயிரும் இல்லாத உடல் ஒரு பக்கம், பிப்ரவரியிலும் குட்டி போடும் வழக்கம் இன்னொரு பக்கம்.

கொம்பின் அளவைப் பற்றி இரண்டு வார்த்தை. வேட்டைப் பண்ணைகள் மரபணு மரபணு என்று விளம்பரம் செய்யும். ஆனால் டெக்சாஸ் அரசின் கெர் வனவிலங்கு மையத்தில் 1974-இல் தொடங்கிய அடைப்பு ஆய்வுகளில் 16 சதவீதப் புரதத் தீனி தின்ற வெள்ளைவால் மான்களுக்கும் 8 சதவீதம் தின்றவைக்கும் கொம்பில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வயதும் முக்கியம். அதனால்தான் நல்ல கைடு கொம்பைப் பார்ப்பதற்கு முன் தொங்கும் வயிற்றையும் தடித்த கழுத்தையும் பார்ப்பார். சுட்ட பிறகு நாடாவால் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் கொம்பை 60 நாள் காயவைத்துத்தான் அளக்கும், காய்ந்தால் சுருங்கும். வேலிக்குள் சுட்டதை அந்தச் சங்கம் பதிவேட்டிலேயே சேர்ப்பதில்லை. தீனித் தொட்டிக்குப் பழகிய மானைச் சுடுவதில் வேட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கும் புரிந்ததில்லை. ஆனால் அதே பண்ணைகளில்தான், காட்டில் ஒருகாலத்தில் அற்றுப்போயிருந்த வாள்கொம்பு ஓரிக்ஸ் என்ற ஆப்பிரிக்க இரலை ஆயிரக்கணக்கில் பெருகியது என்பதையும் மறைக்க மாட்டேன்.

என் சிறுவயதில் கண்கட்டி வந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி மான்கொம்பைக் கல்லில் இழைத்துப் பூசுவார். நான்கைந்து நாளில் சரியாகும். பூசாத தம்பிக்கும் நான்கைந்து நாளில் சரியாகும். பாட்டியை மன்னிக்கலாம். வெல்வெட்டிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன் என்று நாக்கில் அடிக்கும் ஸ்பிரே விற்கும் அமெரிக்க வியாபாரிகளை மன்னிக்க முடியவில்லை. அது புரதம், வயிற்றுக்குப் போனால் பருப்பு மாதிரி செரித்துவிடும். இந்தியாவில் மான்கொம்பு வாங்குவதும் விற்பதும் குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு ஆதங்கம். அமெரிக்காவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரி பிடித்து, அதை வனவிலங்குப் பணிக்குக் கொடுக்கிறார்கள். வெள்ளைவால் மானைப் பற்றி இவ்வளவு தெரிந்ததற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். புள்ளிமானின் சொந்த ஊரில், அதன் கடிகாரத்தைப் படிக்கக் கொட்டகையும் விளக்கும்கூட வேண்டாம். ஒரு மிதிவண்டி, ஒரு நோட்டு, மூன்று வருடச் சம்பளம் போதும். 1990-களில் கிண்டியில் அப்படி மான்களைக் கணக்கெடுத்து எழுதியவர்கள் உண்டு. தொடர்ந்து செய்ய ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

ஹூஸ்டன் நண்பருக்கு ஒரு வேலை. அந்த வெல்வெட் மானின் படம் உங்களிடம் இருந்தால், காதில் கிழிசலோ வேறு அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கடிகாரமும் ஓராண்டுக் கடிகாரம்தான். அடுத்த ஜனவரியில் அதே மான் உயிரோடு இருந்தால், அநேகமாக மீண்டும் வெல்வெட்டில்தான் இருக்கும். அந்த மாதம் அதைச் சுட யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள்.