சிபாப் போடப் போகிறீர்களா? மெஷினுக்கு முன்னால் மாஸ்க்கைப் பாருங்கள்

ஸ்லீப் ஸ்டடி என்கிற தூக்கப் பரிசோதனை முடிந்து "உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்குது, சிபாப் போட்டுத்தான் ஆகணும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் நடக்கும் பேச்சு முழுக்க அந்தச் சிபாப் (CPAP) மெஷினை, அதாவது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று அனுப்பும் மெஷினைப் பற்றியே இருக்கும். எந்தக் கம்பெனி நல்லது, அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோவா சாதாரணமா, சத்தம் போடுமா, வாடகைக்குக் கிடைக்குமா, இன்சூரன்ஸ் தருவார்களா. மாஸ்க் பற்றி யாரும் கேட்பதில்லை. அது பில்லில் கடைசி வரியாக வரும். மெஷின் கொண்டுவருகிறவர் பையில் எது இருக்கிறதோ அதை மாட்டிவிட்டுப் போவார். நான் ஸ்லீப் லேபில் வேலை செய்கிறேன். சிபாப்பை மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்டு மறுபடியும் அதே குறட்டை, அதே பகல் தூக்கத்தோடு வருகிறவர்களிடம் பேசுவது என் அன்றாட வேலை. அவர்களில் மெஷினைக் குறை சொல்பவர்கள் அபூர்வம். மூக்குத் தண்டில் புண், கண்ணில் காற்று அடிக்கிறது, மாட்டினால் மூச்சு முட்டுகிறது, காலையில் வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேட்டுப் பார்த்தால் எல்லாமே மாஸ்க்கில் வந்து நிற்கும், பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவையும்கூட.

மெஷின் செய்யும் வேலை எளிமையானது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. அது ஒட்டாமல் திறந்தே இருக்க, அறையில் இருக்கும் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு உள்ளே அனுப்புகிறது. வீட்டு மெஷின்களில் இந்த அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை, அதாவது அத்தனை சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். அந்த அழுத்தம் தொண்டை வரை போய்ச் சேருமா, வழியிலேயே புஸ்ஸென்று வெளியேறுமா என்பது முகத்தில் மாஸ்க் உட்காரும் விதத்தில் இருக்கிறது. சிட்னியில் இந்தச் சிகிச்சையை உருவாக்கிய காலின் சல்லிவன் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்த ஆரம்ப காலத்தில் ஒவ்வொருவர் மூக்குக்கும் தனியாக அச்சு எடுத்து மாஸ்க் செய்து, ராத்திரி பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள், காலையில் பிய்த்து எடுத்தார்கள். இன்று கடையில் அத்தனை வகை மாஸ்க் இருக்கும்போது ஒத்துவராத ஒன்றோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

முதலில் நான் கேட்பது மூக்கைப் பற்றித்தான். மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு, ஐந்து நிமிடம் மூக்கால் மட்டும் நிதானமாக மூச்சு விட முடிகிறதா? முடிந்தால் மூக்கு மாஸ்க்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. நடைமுறையில் நடப்பது நேர்மாறு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க்கைத்தான் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். வாய் திறந்தாலும் காற்று போகும், விற்றவருக்கு மறுபடி போன் வராது என்ற கணக்கு. ஆனால் பெரிய மாஸ்க் என்றால் முகத்தில் படும் ஓரமும் நீளம், கசிவதற்கான இடமும் அதிகம். பட்டை இறுகும்போது அது தாடையைப் பின்னுக்குத் தள்ளித் தொண்டையை இன்னும் குறுக்கக்கூடும், அதனால் சிலருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பொதுவாக மூக்கு மாஸ்க்கையோ மூக்குத் துளையில் பொருந்தும் வகையையோதான் முதலில் பரிந்துரைக்கிறது.

"எனக்குத் தூக்கத்துல வாய் திறந்துக்குமே" என்பார்கள். திறந்துகொள்ளும், சரி. ஏன் திறக்கிறது என்று பாருங்கள். தொண்டை அடைத்து மூச்சுக்குத் தவிக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. சிபாப் அந்த அடைப்பை நீக்கியதும் பலருக்கு வாய் மூடிக்கொள்கிறது. மூக்கே அடைத்திருந்தால் கதை வேறு. தூசி அலர்ஜி, வளைந்த மூக்குத்தண்டு, உள்ளே வீங்கிய சதை, இவை இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள். உப்புநீர் கழுவலும் அவர் எழுதித் தரும் ஸ்ப்ரேயுமே சிலருக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். நிரந்தரமாகவே மூக்கால் மூச்சு விட முடியாதவர்களுக்கு முழுமுக மாஸ்க் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதிலும் இப்போது மூக்குத் தண்டின் மேல் ஏறாமல் மூக்குக்குக் கீழிருந்து வாயை மூடும் வகை வந்திருக்கிறது. மூக்குத் தண்டில் புண் வருகிறவர்களும், கண்ணாடி போட்டுக்கொண்டு படுக்கையில் படிக்கிறவர்களும் அதைக் கேட்டு வாங்கலாம்.

மூக்கு மாஸ்க்கிலும் இரண்டு போக்கு. மூக்கு முழுவதையும் மூடும் முக்கோணக் குஷன் ஒன்று. இன்னொன்று மூக்குத் துளைகளுக்கு அடியில் மட்டும் உட்காருவது. துளைக்குள் லேசாக நுழையும் மிருதுவான இரண்டு முனைகள் கொண்டதைப் பில்லோ என்கிறார்கள். முகத்தில் ஏதாவது இருந்தாலே மூச்சு முட்டுவது போல் இருக்கிறது என்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான், கண்ணுக்கு முன்னால் எதுவும் தெரியாது. அழுத்தம் அதிகம் தேவைப்படுகிறவர்களில் சிலருக்குத் துளைக்குள் காற்று பீய்ச்சுவது எரிச்சல் தரும், அவர்களுக்கு முக்கோண வகை சுகம். டியூப் உச்சந்தலையில் இணையும் மாடல் புரண்டு புரண்டு படுக்கிறவர்களுக்கு நல்லது.

இனி நம் ஊர் முகங்களுக்கு வருவோம், ஏனென்றால் கம்பெனிகள் தரும் கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

பெண்கள் வந்தால் மூக்குத்தியைப் பார்ப்பேன். பல வருடம் கழற்றாத மூக்குத்தியை ராத்திரிக்கு ராத்திரி கழற்றி மாட்டச் சொன்னால் அவர்கள் மாஸ்க்கைத்தான் கழற்றுவார்கள். கழற்றவும் வேண்டியதில்லை. முக்கோணக் குஷன் மூக்குத்தியின் மேல் அழுத்தினால் அங்கே வலியும் வரும், இடுக்கில் காற்றும் போகும். துளைக்கு அடியில் உட்காரும் வகை பெரும்பாலும் மூக்குத்தியைத் தொடுவதே இல்லை. அப்புறம் கொண்டை. பின்பட்டை கொண்டையின் மேல் ஏறி ராத்திரியில் நழுவும், ஆகவே எப்படி முடித்துப் படுப்பீர்களோ அப்படியே முடித்துக்கொண்டு மாஸ்க் போட்டுப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம் ஆண் பெண் இருவருக்கும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கில் பட்டை வழுக்கும், சிலிக்கான் குஷனும் சீக்கிரம் கெடும். எண்ணெயைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், படுக்கும் முன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கிரீம் எதுவும் வேண்டாம்.

பல்செட் உள்ள பெரியவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். பல்செட் இல்லாதபோது மேலுதடும் கன்னமும் உள்வாங்கும், பகலில் பல்லோடு அளவெடுத்த மாஸ்க் ராத்திரி பொருந்தாது. தாத்தா பாட்டிக்கு மாஸ்க் வாங்கப் போனால் பல்லைக் கழற்றச் சொல்லி அளவெடுங்கள்.

மீசை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், அடர்ந்த மீசைக்காரர், மனைவியோடு வந்தார். காலை பதினொரு மணிக்கும் கன்னத்தில் பட்டை பதிந்த தடம் போகவில்லை, மூக்குத் தண்டில் காய்ந்த புண். "தம்பி, இத மாட்டிக்கிட்டுப் படுக்கறதுக்குக் குறட்டையே தேவலை" என்றார். அந்த அம்மா, "நடுராத்திரி எழுந்து நான்தான் இறுக்கி விடுறேன், அப்பவும் காத்து வருது" என்றார். மாஸ்க்கைப் பார்த்தேன், அவர் முகத்துக்கு ஒரு அளவு பெரியது. கட்டிலில் படுக்க வைத்து, அவருடைய அழுத்தத்திலேயே மெஷினை ஓடவிட்டு, எல்லாப் பட்டையையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னே இழுத்து மெதுவாக விட்டேன். குஷன் காற்றில் உப்பி உட்கார்ந்ததும் அந்தப் பெரிய அளவிலேயே கசிவு பாதியாகக் குறைந்துவிட்டது, பட்டையில் இறுக்கமே இல்லை. பிறகு அவர் மூக்கு நன்றாகத் திறந்திருப்பதைப் பார்த்துப் பில்லோ வகையைப் போட்டோம். காற்றை அடைக்கும் இடம் துளைக்குள் இருப்பதால் மீசை பெரிய தடையாகவில்லை. "மீசைய எடுக்கச் சொல்லிடுவீங்களோன்னுதான் இத்தனை நாள் வரல" என்று அப்போதுதான் சொன்னார். தாடி வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது, ஏனென்றால் முழுமுக மாஸ்க் தாடி முடியின் மேல் சரியாக ஒட்டாது.

அந்த அம்மா அக்கறையில் செய்ததைத்தான் எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். கசிந்தால் இறுக்கு. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி, மாஸ்க்குக்கு அல்ல. குஷனின் மெல்லிய ஓரம் காற்றில் உப்பித்தான் முகத்தின் மேடு பள்ளத்தை நிரப்புகிறது. இறுக்கினால் அது மடிந்து நசுங்கிப் புதிதாக ஒரு வழி திறந்துவிடும். காலையில் எழுந்து அரைமணி நேரத்துக்குள் மறையாத தடம் இருந்தால் பட்டை அதிக இறுக்கம், அல்லது மாஸ்க் தவறான அளவு.

ஆகவே கடையில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் பார்த்து மாஸ்க் வாங்காதீர்கள். படுத்தால் முகச் சதை பின்னால் சரிகிறது, எல்லாம் மாறுகிறது. படுத்து, மெஷினை உங்களுக்குரிய அழுத்தத்தில் ஓடவிட்டு, இடம் வலம் புரண்டு, குறைந்தது பத்து நிமிடம் பாருங்கள். கண் பக்கம் காற்று வரவே கூடாது. ஆன்லைனில் விலை குறைவுதான், ஆனால் பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று அளவில் போட்டுப் பார்க்கவிடும் இடத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதே மிச்சம். பல மாடல்கள் ஒரே பெட்டியில் மூன்று அளவு குஷனோடு வருகின்றன, கேளுங்கள். மாஸ்க் வகையை மாற்றினால் மெஷினின் மெனுவில் அதற்கான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து அங்கேயும் மாற்றுங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மூன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அங்கிருந்து எப்போதும் காற்று வரும். அது பழுதல்ல, நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு போகும் வழி. காற்று மேலே படுகிறது என்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், உயிருக்கு ஆபத்து. அதே காரணத்தால் ஆஸ்பத்திரி ஐசியூவில் பயன்படுத்திய துளையில்லாத மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து சிபாப்பில் மாட்டக்கூடாது. இரண்டாவது, காந்தக் கொக்கி. சில மாஸ்க்குகளின் பட்டை காந்தத்தால் ஒட்டும். மாட்ட வசதிதான், ஆனால் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட உலோகக் கிளிப், காக்ளியர் இம்ப்ளாண்ட், தலையில் ஷண்ட் வால்வு போன்றவை உடலில் இருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். மாஸ்க் தயாரிக்கும் கம்பெனிகளான பிலிப்ஸ் 2022இலும் ரெஸ்மெட் 2023இலும் இதற்கு எச்சரிக்கை வெளியிட்டன. ஒரே கட்டிலில் பக்கத்தில் படுப்பவருக்கு இவை இருந்தாலும் இதே கவனம் தேவை. மூன்றாவது, பக்கவாதம் வந்து கையை உயர்த்த முடியாதவர்கள், அடிக்கடி வாந்தி வருகிறவர்கள், தானாக மாஸ்க்கைக் கழற்றத் தெரியாத குழந்தைகள். இவர்களுக்கு முழுமுக மாஸ்க்கை டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

"கரண்ட் போனா மூச்சு நின்னுடுமா?" நம் ஊரில் கட்டாயம் வரும் கேள்வி, நியாயமான கேள்வியும். மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு விடலாம், அசௌகரியத்தில் விழிப்பும் வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கான முழுமுக மாஸ்க்கில் காற்று நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு இருக்கும், வாங்கும்போது அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், கழுவும்போது அதில் அழுக்கு அடைக்காமல் பாருங்கள். மாஸ்க்கைச் சட்டென்று கழற்றும் விதத்தை விளக்கணைத்துவிட்டு இருட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

மூச்சு முட்டுகிறது, பயமாக இருக்கிறது என்பவர்கள் நேராக ராத்திரியில் தொடங்கவே வேண்டாம். பகலில் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கையால் பிடித்து முகத்தில் வையுங்கள். பிறகு பட்டையோடு, பிறகு மெஷினோடு, பிறகு மதியம் படுத்துக்கொண்டு. மெஷினில் ராம்ப் என்று ஒன்று உண்டு, குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும், அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம், ஆனால் இப்படிப் பழகியவர்கள் நிலைத்து நிற்பதைப் பார்க்கிறேன்.

கழுவுவது சுலபம். காலையில் எழுந்ததும் குஷனை வாசனையில்லாத மிதமான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், ஸ்பிரிட், ப்ளீச், வெயில் நான்கும் கூடாது. குஷன் மஞ்சளித்து, விறைத்து, முன்பைவிட இறுக்கினால்தான் நிற்கிறது என்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. முழு மாஸ்க் வாங்க வேண்டாம், குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

கடைசியாக, நள்ளிரவு இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிவிட்டு "நாலு மணி நேரம் போட்டேனே, போதும்ல" என்று கேட்பவர்களுக்கு. நாலு மணி நேரம் என்பது அமெரிக்க இன்சூரன்ஸ் கணக்கில் வந்த குறைந்தபட்ச அளவு. கனவு வரும் தூக்கம் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம், தசைகள் அப்போது இன்னும் தளர்வதால் பலருக்கு மூச்சு மோசமாக அடைப்பதும் அந்த நேரத்தில்தான். ஏன் கழற்றினீர்கள் என்பதைக் காலையில் எழுந்ததும் ஒரு வரி எழுதி வையுங்கள், வலித்ததா, கசிந்ததா, வறண்டதா, வியர்த்ததா. அடுத்த முறை டாக்டரைப் பார்க்க வரும்போது அந்தக் காகிதத்தையும், மெஷினின் மெமரி கார்டையும், மாஸ்க்கையும் சேர்த்து எடுத்து வாருங்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாஸ்க்கை எங்களால் சரிசெய்ய முடியாது.