ஒட்டுண்ணி அல்ல, உண்டுகொல்லி

பயறு சேமிப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்று சென்ற மாதம் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி: "பயறு வண்டை அழிக்கும் ஒட்டுண்ணிகளைப் பாதுகாப்பீர்." பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, "ஒட்டுண்ணியை எதுக்குய்யா பாதுகாக்கணும்? மாட்டுல இருக்கிற உண்ணியையே புடுங்கி மாளலை" என்றார். துண்டறிக்கை சொல்ல வந்ததோ பயறு வண்டின் முட்டையையும் புழுவையும் தின்று அழிக்கும் சிறு குளவிகளை. அவர் கேட்டதில் பிழை இல்லை. பிழை அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஒட்டுண்ணியை ஆங்கிலத்தில் குறிக்கும் பாரசைட் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. பாரா என்றால் பக்கத்தில், சிட்டோஸ் என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து உண்பவரை அப்படிச் சொன்னார்கள். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி என்பது அதற்கு மிக நல்ல தமிழ். அதில் எனக்குக் குறையே இல்லை. அந்தக் குளவிகளைக் குறிக்கும் பாரசிட்டாய்டு என்பது வேறு சொல். 1913இல் பின்லாந்துப் பூச்சியியலாளர் ஓடோ ராய்ட்டர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் அதைப் புகுத்தினார். ஒட்டுண்ணி மாதிரி இருந்தாலும் ஒட்டுண்ணி ஆகாத உயிர்களுக்குத் தனிப் பெயர் வேண்டியிருந்தது, அதற்காகத்தான்.

என்ன வேறுபாடு? உண்ணி மாட்டைக் கொல்வதில்லை. மாடு செத்தால் உண்ணிக்கும் பிழைப்பு இல்லை. புலி முதலில் கொல்லும், பிறகு தின்னும், ஆயுளில் எத்தனையோ மான்களைத் தின்னும். இந்தச் சிறு குளவியின் புழுவோ ஒரே ஒரு உயிரைத் தின்று வளர்கிறது, தின்று முடிக்கும்போது அந்த உயிர் செத்திருக்கும். வளர்ந்த குளவி யாரையும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சுதந்திரமாகப் பறக்கிறது.

தட்டைப்பயறு டப்பாவைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பயறு வண்டு பயற்றின் மேல்தோலில் முட்டையை ஒட்டிவைக்கும். முட்டைக்குள் இருக்கும் புழு பயற்றைக் குடைந்து உள்ளே போய்விட்டால் முட்டை ஓடு வெள்ளையாக நிற்கும். அதே முட்டை கருத்துப் போயிருந்தால் உஸ்கனா என்ற குளவி அதற்குள் தன் முட்டையை இட்டிருக்கிறது என்று பொருள். அரை மில்லிமீட்டர் அளவுள்ள உயிர் அது. நம் நாட்டில் காணப்படும் உஸ்கனா முகர்ஜியை என்ற இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பூச்சியியலாளர் எம். எஸ். மணி. உருப்பெருக்கியில் வைத்துக் காலைப் பார்த்தால் பாதத்தில் மூன்றே கணுக்கள் இருக்கும். டினார்மஸ் பசாலிஸ் என்ற இன்னொரு குளவி இதைவிடப் பெரியது, 2, 3 மி.மீ. இருக்கும், கருமையாக மினுங்கும், பாதத்தில் ஐந்து கணுக்கள். முட்டையை அது தொடுவதில்லை. பயற்றுக்குள் பதுங்கியிருக்கும் வண்டுப் புழுவையோ கூட்டுப்புழுவையோ வெளியிலிருந்தே கண்டுபிடித்து, பயற்றைத் துளைத்து, கொட்டி மரத்துப்போகச் செய்து, அதன் உடம்பின் மேல் ஒரு முட்டை இடும். வண்டு வெளிவரும் ஓட்டையைவிட இந்தக் குளவி வெளிவரும் ஓட்டை சிறியது.

இப்போது இந்த இரண்டையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது? "முட்டை ஒட்டுண்ணி" என்று அச்சடிக்கிறார்கள். படிப்பவருக்கு முட்டையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும்.

பிழையை உணர்ந்த சிலர் "ஒட்டுண்ணிப்போலி" என்று எழுதச் சொல்கிறார்கள். பாரசிட்டாய்டு என்ற மூலச் சொல்லின் "ஆய்டு" ஈற்றுக்குப் "போன்றது" என்று பொருள் இருப்பதால் "போலி" வந்துவிட்டதாம். இலக்கணத்தில் போலி மரியாதையான சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதைக்கடை வாசலில் நிற்கும் உழவருக்குப் போலி என்றால் போலி விதை, போலி உரம். அவர் காக்க வேண்டிய பூச்சிக்கு அந்தப் பெயரையா வைப்பது? ஈற்றை அப்படியே பெயர்க்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆஸ்டிராய்டு என்றால் விண்மீன் போன்றது. நாம் "விண்மீன்போலி" என்றா சொல்கிறோம்? அது உண்மையில் என்னவோ அதைப் பார்த்துச் சிறுகோள் என்றோம். பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிறது.

"உள்ளுண்ணி" என்று இன்னொரு பரிந்துரை. டினார்மஸின் புழு வண்டுப் புழுவின் உடம்புக்கு வெளியே இருந்துதான் தின்கிறது, அதனால் அதுவும் பொருந்தாது. "கொன்றுண்ணி" நல்ல சொல். ஆனால் அது பருந்துக்கும் புலிக்கும் உரியது, கொன்று உண்பவை அவைதான். இந்தக் குளவி உண்டு கொல்வது. மரத்துப்போகச் செய்வதைக் கொல்வது என்று எண்ணக் கூடாது. உடனே செத்தால் இரை அழுகிவிடும், குளவிப் புழுவுக்கு உணவு கிடைக்காது.

ஆகவே வரிசையைத் திருப்பினாலே போதும்: உண்டுகொல்லி. கொல்லி நமக்குப் பழகிய சொல், பூச்சிக்கொல்லி, ஆட்கொல்லி என்று நாள்தோறும் புழங்குகிறது. உண்டு என்றால் "இருக்கிறது" என்று குழப்பம் வராதா என நண்பர் கேட்டார். உண்டு உறைவிடப் பள்ளி என்ற பலகையைப் படித்து யாரும் குழம்பியதில்லையே? முட்டை உண்டுகொல்லி, புழு உண்டுகொல்லி என்று பிரிக்கவும் வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் யூபெல்மஸ் என்ற குளவி, டினார்மஸ் முட்டையிட்ட இடத்தைத் தேடிப் போய் அதன் வாரிசைக் கொன்றுவிட்டுத் தன் முட்டையை இடுகிறது. இப்படிப்பட்ட சிக்கலையெல்லாம் "ஒட்டுண்ணிகளின் போட்டி" என்று எழுதினால் யார் யாரைத் தின்கிறார் என்றே விளங்காது.

மொழிபெயர்ப்பவர்கள் பூச்சியைப் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். ஆங்கிலத்தில் வீவில் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பயறு வண்டைக் "கூன்வண்டு" என்று எழுதுகிறார்கள். தென்னையில் வரும் சிவப்புக் கூன்வண்டுக்கு நீண்ட மூக்கு உண்டு, பயறு வண்டுக்குக் கிடையாது. அது இலைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு பிடி பயற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் முன்னோர் பார்த்தார்கள். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்றார்கள். புழு குளவியாக மாறுவதில்லை, குளவியின் குஞ்சு புழுவைத் தின்றுவிட்டு வெளியே வருகிறது. விளக்கம் தவறினாலும், கொட்டியதையும் புழு காணாமல் போனதையும் குளவி வெளிவந்ததையும் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து கவனித்திருக்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் அந்தத் துண்டறிக்கையின் வரி இப்படி இருக்கலாம்: "பயற்றில் கருத்த வண்டு முட்டைகளைக் கண்டால் உடனே வெயிலில் கொட்டாதீர்கள், மருந்தும் வைக்காதீர்கள். உள்ளே முட்டை உண்டுகொல்லிக் குளவி வளர்கிறது." அந்தப் பெரியவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார்.