வரிசையறிதல்

'ஜீனோம் சீக்குவென்சிங்' என்பதைத் தமிழில் 'மரபணு வரிசைப்படுத்தல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். கொரோனாக் காலத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் வைரஸின் திரிபுகளைக் கண்டு சொன்னபோது செய்திகளில் அடிபட்டதும் இந்தச் சொல்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

'படுத்து' என்று சேர்த்தால், ஒன்றை அது இல்லாத நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று பொருள். சுத்தப்படுத்து, ஒழுங்குபடுத்து எல்லாம் அப்படித்தான். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துகிறாரே ஆசிரியர், அது வரிசைப்படுத்தல். சீக்குவென்சிங்கில் யாரும் எதையும் அடுக்குவதில்லை. டி.என்.ஏ.யில் அடினின், குவானின், சைற்றோசின், தைமின் என்ற நான்கு மூலங்களும், அதாவது அதன் நான்கு எழுத்துகளும், ஏற்கெனவே எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று வாசித்து அறிகிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேர், 'பின்தொடர்' என்ற பொருளுடைய இலத்தீன் வினை. 'ஜீனோம்', அதாவது ஓர் உயிரின் முழு மரபணுத்தொகை, ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் 1920இல் ஆக்கிய சொல். முதன்முதலாக ஒரு பக்டீரியாவின் மரபணுத்தொகை முழுதாக வாசிக்கப்பட்டது 1995இல்.

பொருத்தமான சொல் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது: வரிசையறிதல். புறநானூறு 121இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரி என்ற குறுநில மன்னனிடம் 'வரிசை அறிதலோ அரிதே' என்கிறார். அங்கே வரிசை என்றால் தகுதி. பரிசில் கேட்டு வருவோரைப் பொதுவாகப் பார்க்காதே, ஆளுக்காள் உள்ள வேறுபாட்டை அறிந்து கொடு என்பது அவர் வேண்டுகோள். இன்று வரிசை என்றதும் அடுக்குதான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய பொருளும் இங்கே நன்றாகவே ஒட்டுகிறது. ஒன்றுபோலத் தெரியும் கிருமிகளைப் பிரித்தறிவதுதானே ஆஸ்பத்திரித் தொற்று விசாரணையில் வேலை!

திருகோணமலையில் ஒரு சத்திரசிகிச்சை வாட்டை நினைத்துக்கொள்வோம். மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மா, பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு உம்மா. இருவருக்கும் காயம் பழுத்துவிட்டது, இருவரின் சீழிலும் கிளெப்சியெல்லா என்ற பக்டீரியா. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை இரண்டும் ஒரே கிருமி என்றுதான் சொல்லும். எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்ற பட்டியல்கூட ஒன்றாகவே வரலாம். அப்படியானால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, இல்லை ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்தே வந்ததா? தாதிமார் கை கழுவவில்லை என்று பழிபோடுமுன் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். கிளெப்சியெல்லாவின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 55 இலட்சம் எழுத்துகள். இரண்டுக்கும் சில எழுத்துகளே மாறியிருந்தால் ஒரே தொற்றுச் சங்கிலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆயிரக்கணக்கில் மாறியிருந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில், மருந்துகளுக்கு மசியாத கிளெப்சியெல்லா 18 நோயாளிகளிடம் பரவியது. முதல் நோயாளி வீடு திரும்பிச் சில வாரங்களுக்குப் பிறகுதான் அடுத்தவரிடம் கிருமி தெரிந்தது. இடையில் அத்தனை நாள் இருந்ததால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே தோன்றியது. வரிசை அறிந்து பார்த்தபோது எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவை. கிருமி கழுவுதொட்டி வடிகால்களில் இருந்தது, சுத்தம் செய்து வைத்த சுவாசக் கருவி ஒன்றிலும் இருந்தது.

வரிசை மட்டும் முழுக்கதையையும் சொல்லாது. யார் எந்தக் கட்டிலில் எந்த நாளில் கிடந்தார் என்று பி.எச்.ரி. எனப்படும் கட்டில் சீட்டுகளையும் புரட்டத்தான் வேண்டும்.

அப்புறம், பயன்படுத்தும் விதம். 'மாதிரி வரிசைப்படுத்தப்பட்டது' என்பதை 'மாதிரியின் வரிசை அறியப்பட்டது' என்று எழுதலாம். கருவிக்கு வரிசையறி கருவி. தொகை முழுவதையும் வாசித்தால் முழு மரபணுத்தொகை வரிசையறிதல். நம் பாடப்புத்தகங்கள் மரபணுவைப் பரம்பரையலகு என்கின்றன. அதில் எனக்குப் பிடிவாதமில்லை, எது பழக்கமோ அதை எழுதுங்கள். 'படுத்தல்' மட்டும் வேண்டாம்.