ஐசோடோப்பு: நல்ல தமிழில் ஓரிடத்தான்

திருநெல்வேலிச் சீமையில் ஐசோடோப்பு என்றதும் கூடங்குளமும் கதிரியக்கமும்தான் நினைவுக்கு வரும். சொல்லுக்குள் அந்தப் பொருள் இல்லை. கிரேக்கத்தில் ‘ஐசோஸ்’ என்றால் சமம், ‘டோப்போஸ்’ என்றால் இடம். மருத்துவர் மார்கரெட் டாட் எடுத்துக்கொடுத்த இச்சொல்லை 1913இல் வேதியியலாளர் பிரெடரிக் சாடி வழக்குக்குக் கொண்டுவந்தார். தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காரும், நிறை மட்டும் வேறான அணுக்கள் என்பது பொருள். இலங்கைத் தமிழர் ‘சமதானி’ என்பார்கள். நமக்கு ‘ஓரிடத்தான்’ இருக்கிறது. கேட்டதும் பொருள் விளங்குவதால் அதையே எழுதலாம்.

தாமிரபரணியில் ஒரு செம்புத் தண்ணீர் மோந்தால் அதிலுள்ள ஆக்சிசன் அணுக்களில் ஏறத்தாழ 500க்கு ஒன்று ஆக்சிசன்-18. அது கதிர் வீசாது. ஆக்சிசன்-16ஐவிடக் கனம், அவ்வளவுதான்.

அந்தக் கனத்தால் பொருளின் குணம் மாறினால் அது ‘ஓரிடத்தான் விளைவு’. கோபால்ட் ஆக்சைடுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். மூன்று நேர்மின்சுமையுள்ள கோபால்ட் அயனியின் ‘டி’ என்னும் எலக்ட்ரான் கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள். ஆறும் இணைசேர்ந்தால் தாழ்சுழல் நிலை, காந்தத்தன்மை இராது. நான்கு தனித்து நின்றால் உயர்சுழல். (இங்கே சுழல் என்பது எலக்ட்ரானின் தற்சுழற்சி. அதைப் பம்பரச் சுற்றலாக எண்ணிவிடக் கூடாது, அது எலக்ட்ரானின் உள்ளியல்பு.) உயர்சுழலுக்கு மாறும்போது அயனியின் ஆரம் 0.545இலிருந்து 0.61 ஆங்ஸ்ட்ராமாகப் பருத்து, சுற்றியுள்ள ஆக்சிசனைத் தள்ளுகிறது. ஆக்சிசன் கனமானால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். தாழ்சுழல் உயர்சுழலாக மாறும் வெப்பநிலையும், அதாவது நிலைமாற்ற வெப்பநிலையும், நகரலாம்.

கோபால்ட்டை விட்டு ஆக்சிசனை மாற்றுவதற்குக் காரணம் உண்டு: கோபால்ட்டில் நிலையான ஓரிடத்தான் கோபால்ட்-59 ஒன்றே.

இதைச் சோதிக்க, கோபால்ட் ஆக்சைடு வில்லை ஒன்றை இரண்டாக வெட்டி, இரு குவார்ட்ஸ் குழாய்களில் இட்டு, ஒரே உலையில், ஒரே நேரம், ஒரே அழுத்தத்தில் சூடாக்க வேண்டும். ஒன்றில் ஆக்சிசன்-18, மற்றதில் 16. பிறகு நிறுக்க வேண்டும். 1 கிராம் லாந்தனம் கோபால்டைட்டில் (லாந்தனமும் கோபால்ட்டும் சேர்ந்த ஆக்சைடு) ஆக்சிசன் முழுதும் மாறினால் நிறை சுமார் 24 மில்லிகிராம் கூடும். 12தான் கூடியிருந்தால் பாதிதான் மாறியிருக்கிறது. அதே சூட்டில் ஆக்சிசன்-16 துண்டின் நிறை மாறியிருந்தால் ஆக்சிசன் அளவே கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான்: சில ஆக்சிசன் இடங்கள் காலியானாலே நிலைமாற்றம் நகர்ந்துவிடும், அது ஓரிடத்தான் விளைவுபோலவே தெரியும். ஆகவே கனமான துண்டைச் சாதாரண ஆக்சிசனில் மறுபடி சூடாக்கி அளக்க வேண்டும். நிலைமாற்ற வெப்பநிலை பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் அதை ஓரிடத்தான் விளைவு என்று எழுதலாம்.