குளியலறை அலமாரி ஏன் ஓரத்திலிருந்து உப்புகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கும்போது புதுச்சேரியிலும் கடலூரிலும் பல வீட்டுக் குளியலறை அலமாரிகள் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்கும். முன்பக்க மைக்கா பளபளப்புக் குறையாமல் இருக்கும். கதவின் அடி ஓரம் மட்டும் உப்பி, ஓரத்தை மூடி ஒட்டிய எட்ஜ் பேண்ட் பட்டை பிரிந்து, உள்ளேயிருந்து மரத்தூள் உதிரும். தண்ணீர் அதிகம் தெறிக்கும் முகப்பு பிழைத்து, யார் கண்ணிலும் படாத ஓரம் அழிவதற்குக் காரணம் பலகையின் உள்ளமைப்பில் இருக்கிறது.

விலை குறைந்த மாடுலர் அலமாரிகள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டில் செய்யப்படுகின்றன. மரச்சீவல்களை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையுடன் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தட்டையாக்கி எடுப்பது இது. அவலை நினைத்துக்கொள்ளுங்கள். இடித்துத் தட்டையாக்கிய அரிசி நனைந்ததும் தடிக்கிறது அல்லவா? அழுத்தி வைத்த சீவலும் ஈரம் பட்டதும் பழைய தடிமனுக்குத் திரும்பப் பார்க்கிறது. கூடவே, சீவல்களைப் பிடித்துவைத்திருக்கும் யூரியா பசையின் பிணைப்புகளையும் ஈரம் மெல்ல உடைத்துவிடுகிறது. அதனால்தான் ஒருமுறை உப்பிய பலகையை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அது பழைய அளவுக்கு இறங்குவதில்லை.

இதற்குத் தண்ணீர் நேரடியாகப் படவேண்டும் என்பதுகூட இல்லை. மரத்தின் செல்லுலோஸில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றில் இருக்கும் நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 90 சதவீதமானால் அது 20 சதவீதம் வரை போகும். நம் கடலோர மழைக்காலத்தில் ஈரப்பதம் 80-க்குக் கீழே இறங்காத நாட்கள் சாதாரணம்.

மைக்காவும் மெலமைன் பூச்சும் இந்த ஈரத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் பலகையை அறுத்த ஒவ்வொரு இடமும் ஒரு வாசல். மாடுலர் முறையின் வசதியே அதற்குப் பாதகமாவது இங்கேதான். தட்டுகளை ஏற்றி இறக்க உள்பக்கச் சுவரில் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் வரிசையாக இருக்கும். கதவில் கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் குழி, குழாய்க்காக ஆள் வந்து பின்பலகையில் அறுத்த ஓட்டை, தரையைத் தொடும் அடி ஓரம், இவை எல்லாவற்றிலும் பூச்சில்லாத வெறும் பலகை திறந்தே கிடக்கிறது. ஈரத் தரையில் நிற்கும் ஓரமாக இருந்தால் சீவல்களின் இடுக்கு வழியே நீர் தானாக மேலேறும். நாம் வாளியில் நீர் நிரப்பி மொண்டு குளிக்கிறவர்கள். தரை முழுக்க நனையும். நனையாத பகுதி தனியாக உள்ள குளியலறைக்கென்று வடிவமைத்த அலமாரியை அப்படியே இங்கே கொண்டுவந்து தரையில் வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. சுவரில் ஒரு அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக் கால்களாவது பொருத்துங்கள். துளைகளிலும் அறுத்த ஓரங்களிலும் பொருத்துவதற்கு முன்பே வார்னிஷோ எபாக்சியோ பூசச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை, ஆனால் கேட்டு வாங்காவிட்டால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

பிளைவுட் வாங்குவதானால் முத்திரையைப் பாருங்கள். ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். வகை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் போதும், குளியலறைக்குப் போதாது. ஐ.எஸ். 710 தரமுள்ள மரைன் பிளைவுட்டில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை இருக்கிறது. 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படும் தரம் அது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி., முழுக்கப் பிளாஸ்டிக்கான பி.வி.சி. பலகைகள் பார்ட்டிகிள் போர்டுபோல் உப்புவதில்லை. ஆனால் அவற்றில் திருகு மரத்தில் பிடிப்பதுபோல் பிடிக்காது, நீளமான தட்டு எடை தாங்காமல் நாளடைவில் தொய்யும். இரண்டடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடவேண்டாம்.

பலகையைவிட முக்கியமானது, அறை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பது. 5 அடிக்கு 8 அடி குளியலறையில் சுமார் 10 கனமீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அறை முழுக்கச் சேர்த்தாலும் 300 கிராம்தான். அதே அறையின் தரையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு நீர்ப்படலம் நின்றால் அதன் எடை கிட்டத்தட்ட 370 கிராம். அதாவது காற்று தாங்கக்கூடியதற்கும் மேலான நீர் தரையில் கிடக்கிறது. குளித்ததும் வைப்பரால் தரையை ஒருமுறை தள்ளிவிட்டால், எக்ஸாஸ்ட் ஃபேன் வெகுநேரம் ஓடி வெளியேற்றவேண்டிய நீர் அந்த நிமிடத்திலேயே வடிகாலுக்குப் போய்விடும். ஃபேனும் வேண்டும். ஆனால் அது காற்றை வெளிக்காற்றின் அளவுக்குத்தான் உலர்த்தும், மழைக்காலத்தில் அந்த வெளிக்காற்றே ஈரமானது.

ஏசி அறையை ஒட்டிய குளியலறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 30 டிகிரியில் 90 சதவீத ஈரமுள்ள காற்று, 28 டிகிரியோ அதற்குக் குறைவோ உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். இரவெல்லாம் 24-இல் ஏசி ஓடிய அறையின் பொதுச்சுவர், காலையில் வெந்நீரில் குளிக்கும்போது அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. அந்தச் சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகை, ஒரு சொட்டு தெறிக்காமலே தினமும் நனைகிறது, பூஞ்சையும் அங்கேதான் முதலில் பிடிக்கிறது. வேறு சுவர் கிடைத்தால் அங்கே மாட்டுங்கள். வழியில்லையென்றால் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, காற்று மேலும் கீழும் போய்வர விடுங்கள். இடைவெளியைச் சிலிகான் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கீலுக்கு எதிரி உப்பு. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடற்காற்று வீட்டுக்குள் நுண்ணிய உப்பைக் கொண்டுவந்து படியவைக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்தச் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்து, உலோகத்தின்மேல் உப்புநீர்த் துளியாக நிற்கும். நிக்கல் பூசிய இரும்புக் கீல் இதற்குத் தாங்காது. 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையிலும் உப்பிலுள்ள குளோரைடு அதன் காப்புப் படலத்தைத் துளைத்துப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 எஃகு நன்றாகத் தாங்கும், விலை அதிகம். கடற்கரையை ஒட்டிய தெருவில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தகும். மற்றவர்கள் 304 கீலை மாதமொரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினாலே போதும்.

எந்தக் கீலையும் வேகமாகத் தின்பது வாஷ்பேசினுக்கு அடியில் நாம் வைக்கும் ஆசிட் பாட்டில். மூடி இறுகியிருந்தாலும் கசியும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, மூடிய அலமாரிக்குள் தேங்கி, அங்குள்ள ஈரத்தில் கரைந்து கீலிலும் டிராயர் சேனலிலும் படியும். 316-கூட அதைத் தாங்காது. பிளீச்சிங் பவுடரும் அப்படியே, அதிலிருந்து வருவது குளோரின். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அருகருகே இருந்து கலந்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும். அந்த இரண்டையும் தனித்தனியாக, குழந்தைகளுக்கு எட்டாத, காற்றோட்டமான வெளித்தட்டில் வையுங்கள்.