மயக்க மருந்து கொடுக்கப்போவது பயிற்சி மருத்துவரா?

அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டர் யார், எங்கே படித்தவர், எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பலரும் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பது யார் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் நாள் மாலை ஓர் இளம் டாக்டர் கட்டிலருகே வந்து, வாயை நன்றாகத் திறவுங்கள், கழுத்தை நிமிர்த்துங்கள், பல் ஏதாவது ஆடுகிறதா என்று கேட்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. "நீங்க இன்னும் படிச்சிட்டு இருக்கீங்களா? பெரிய டாக்டர் வர மாட்டாரா?"

கேட்பதில் தப்பே இல்லை. நானும் அந்தக் கட்டிலருகே நின்று இந்தக் கேள்வியை வாங்கியிருக்கிறேன். இப்போது ரெசிடென்டுகள் எனப்படும் இந்தப் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். அதனால், அந்தப் பயிற்சியில் என்னதான் நடக்கிறது என்று சொல்லிவிட்டால், எதற்குப் பயப்படலாம், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் ஒன்று. ரெசிடென்ட் என்பவர் மாணவர் இல்லை. மருத்துவப் படிப்பை முடித்து, பதிவு பெற்ற டாக்டர். அதற்கு மேல் மயக்கவியல் பயிற்சி நாட்டுக்கு நாடு மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை நீள்கிறது. ஆரம்ப மாதங்களில் சீனியர் தோளை ஒட்டியே நிற்பார். அப்புறம் அதே அறையில் சற்றுத் தள்ளி நிற்பார். அதற்கும் பிறகு, கூப்பிட்டால் உடனே வந்துவிடுகிற தூரத்தில் இருப்பார்.

மருந்தை நரம்பில் ஏற்றினால் யாரானாலும் தூங்கிவிடுவார்கள். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. படிப்பெல்லாம் அதற்கு அடுத்த நிமிடத்துக்குத்தான். தூங்க வைக்கும் மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். நாம்தான் நிறுத்துகிறோம், நாம்தான் பொறுப்பு. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றால் ஓரிரு நிமிடத்திலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் சரியத் தொடங்கும். அதற்கு முன்னால் மூன்று நிமிடம் முகத்தில் மாஸ்க் வைத்துச் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்திருந்தால், ஆரோக்கியமான பெரியவருக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் வரை அவகாசம் கிடைக்கும். உடல் பருமன் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்த அவகாசம் வெகுவாகக் குறைந்துவிடும். தியேட்டரில் முகத்தில் மாஸ்க்கை வைத்து "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்வது உங்களைத் தூங்க வைக்க இல்லை. இந்த அவகாசத்தைச் சேமிக்கத்தான். மூச்சு முட்டுகிறது என்று பலர் மாஸ்க்கைத் தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள்.

புதிதாகச் சேரும் ரெசிடென்டுகள் எல்லோருக்கும் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிட வேண்டும் என்றுதான் ஆசை. நாங்கள் விடுவதில்லை. முதலில் மாஸ்க்கைப் பிடிக்கக் கற்றுக்கொள் என்போம். பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை போலத் தோன்றும். இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஆங்கில 'சி' எழுத்து வடிவில் மாஸ்க்கை அணைத்திருக்க வேண்டும். மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் மேல் இருக்க வேண்டும். சுண்டுவிரல் காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்தில் கொக்கி போல மாட்டியிருக்க வேண்டும். விரல் எலும்பை விட்டு நழுவித் தாடைக்கு அடியில் உள்ள மென்மையான சதையை அழுத்தினால் நாக்கு மேலே போய் அடைத்துக்கொள்ளும். புதியவர்கள் பதற்றத்தில் மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்துவார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர்: முகத்தை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். வலது கையில் இருக்கும் பை லேசாக அமுங்கி, நெஞ்சு மேலெழும்பி, மானிட்டரில் நோயாளி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடின் அலை சதுரமாக வந்தால் சரி. தாடி வைத்தவர், பல் இல்லாதவர், கழுத்து தடித்தவர் என்றால் காற்று பக்கவாட்டில் கசியும். பத்து நிமிடத்தில் முன்கை கடுக்கும். சீனியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: டியூப் போட முடியாததால் யாரும் சாவதில்லை, ஆக்சிஜன் போகாததால்தான் சாகிறார்கள்.

டியூப் போட்ட பிறகும் அது மூச்சுக்குழாயில்தான் இருக்கிறதா, உணவுக்குழாயில் போய்விட்டதா என்ற கேள்வி இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு ஏமாந்துபோகலாம். தொடர்ந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அலை அப்படி எளிதில் ஏமாற்றாது. அலை இல்லையென்றால் டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "மெஷின் கோளாறாக இருக்கும்" என்று மனதைச் சமாதானப்படுத்தக் கூடாது. இந்த ஒழுக்கம் கையில் படிய மாதக்கணக்கில் ஆகும்.

காலையில் முதல் கேஸுக்கு வெகு முன்பே ரெசிடென்ட் வந்துவிடுவார். மெஷினில் கசிவு இருக்கிறதா, சளியை உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா, மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். பிறகு மருந்துகளை சிரிஞ்சில் ஏற்றி லேபிள் ஒட்டுவார். தூங்க வைக்கும் மருந்துக்கு மஞ்சள், தசை தளர்த்திக்குச் சிவப்பு, மார்ஃபின் வகை வலி மருந்துகளுக்கு நீலம், இரத்த அழுத்தத்தை ஏற்றுபவைக்கு ஊதா. லேபிள் இல்லாத சிரிஞ்ச் மேஜையில் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே கூடாது, நேராகக் குப்பைக்கு. நான் கண்டிப்பு காட்டுகிற விஷயங்களில் இதுதான் முதலிடம். இதற்காக என்னைத் திட்டிக்கொள்ளும் ரெசிடென்டுகள் உண்டு என்பதும் தெரியும்.

சரி, தப்பு நடக்கவே நடக்காதா? நடக்கும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலருடைய கணக்கு பிசகுகிறது. 2005-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தார். மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே ஆக்சிஜன் அளவு மிகக் கீழே போய்விட்டது. தொண்டையில் வைக்கும் கருவி பலிக்கவில்லை, டியூபும் போகவில்லை. அறையில் முயன்றுகொண்டிருந்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள் இல்லை, அனுபவம் மிக்க மூத்தவர்கள். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டிய கட்டம் வந்தும், அவர்கள் திரும்பத் திரும்ப டியூப் போடுவதிலேயே இருபது நிமிடத்துக்கும் மேல் செலவழித்தார்கள். நர்ஸ் ஒருவர் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து தயார் என்று சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்தப் பெண் 13 நாட்களுக்குப் பிறகு இறந்தார். அவருடைய கணவர் ஒரு விமானி. யார் மேல் தப்பு என்று துரத்துவதை விட்டுவிட்டு, விமான ஓட்டிகள் அறைக்குள் பயன்படுத்தும் ஒழுங்குகள் ஏன் அறுவை அரங்கில் இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி பல நாடுகளில் எங்கள் பயிற்சியையே மாற்றியது.

இன்று ரெசிடென்டுகளுக்குப் பொம்மை நோயாளியை வைத்து இந்தச் சூழலையே நடத்திக் காட்டுகிறோம். முதல் முயற்சி தோற்றால் சத்தமாகச் சொல். கூப்பிடு. இத்தனை முயற்சிக்கு மேல் போகாதே, அடுத்த படிக்குப் போ. நர்ஸ் சொல்வதை நின்று கேள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இதே எண்ணத்தில்தான் வந்தது: கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லோரும் பெயர் சொல்லி அறிமுகமாகி, நோயாளி யார், என்ன அறுவை, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தவரைப் பார்த்து "டாக்டர், ஆக்சிஜன் இறங்குது" என்று சொல்ல நாக்கு கொஞ்சம் சீக்கிரம் எழும்.

ஆகவே நான் ஒரு ரெசிடென்டை மதிப்பிடும்போது எவ்வளவு வேகமாக டியூப் போடுகிறார் என்று பார்ப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார் என்று பார்க்கிறேன். நள்ளிரவில் தேவையில்லாமல் என்னை எழுப்பிவிட்டதாக வருந்துபவரிடம் என் வீட்டாரைத் தைரியமாக ஒப்படைப்பேன். எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவரிடம் ஒப்படைக்க மாட்டேன், அவர் பத்து வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

அடுத்து, முதல் நாள் மாலை கேட்கும் அந்த முடிவில்லாத கேள்விகள். சலிப்பாகத்தான் இருக்கும். அறுவை டாக்டரிடம் எல்லாம் சொல்லியாச்சே என்பார்கள். ஆனால் எங்கள் துறையில் ஒரு பெரிய கண்டுபிடிப்பே ஒரு நோயாளியின் பதிலிலிருந்து வந்ததுதான். மெல்பர்னில் 21 வயது இளைஞர் ஒருவர் கால் எலும்பு முறிந்து வந்தார். உடைந்த காலைவிட மயக்க மருந்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. காரணம், அவர் குடும்பத்தில் பத்துப் பேர் அந்தக் கால மயக்க மருந்தான ஈதர் கொடுக்கப்பட்ட பிறகு இறந்திருந்தார்கள். ஈதர் வேண்டாம் என்று அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேனைக் கொடுத்தார்கள். அதற்கும் அவர் உடல் கொதித்தது. ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்ததால் உடனே நிறுத்தி, பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். டென்பரோ, லோவெல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1960-ல் இதைப் பற்றி எழுதினார்கள். மரபுவழி வரும் இந்தக் கோளாறை இன்று மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்கிறோம். அதை முறிக்க டான்ட்ரோலின் என்ற மருந்தும் இருக்கிறது. "குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா?" என்ற கேள்வி படிவத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மறைக்கப்படும் விஷயங்கள் எங்களுக்குப் பழக்கமானவைதான். உறவினர் அறையில் இருக்கும்போது மது, சிகரெட், போதைப் பழக்கம் பற்றிக் கேட்டால் உண்மை வராது. அதனால் விவரம் தெரிந்த ரெசிடென்ட் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்பார். கோபப்பட வேண்டாம். உடல் எடையையும் சர்க்கரையையும் குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. நீங்கள் பட்டினி இருந்தும் வயிறு நிறைந்திருக்கலாம். டாபாகுளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லுங்கள், முடிவை டாக்டர் எடுப்பார். நாட்டு மருந்து, ஊட்டச்சத்துப் பொடி எல்லாமும் மருந்துதான்.

பட்டினி விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. இலேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், எண்ணெயில் பொரித்தது அல்லது வயிறு முட்டச் சாப்பிட்டது என்றால் எட்டு, தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீருக்கு இரண்டு. மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்பதால்தான் இந்தக் கணக்கு. ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொல்லாமல் வருபவர்கள் ஒரு பக்கம். முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் குழந்தையை அழ விடுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது தப்பில் ஆஸ்பத்திரிகளுக்கும் பங்கு உண்டு.

இனி ரெசிடென்டுகள் பக்கம். நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறதென்றால் அது அவர்களுடைய தூக்கம். பிரிட்டனில் மயக்கவியல் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பதில் அளித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரவு டியூட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்தையோ மயிரிழையில் தப்பியதையோ சந்தித்ததாகச் சொன்னார்கள். அமெரிக்கா 2003-ல் ரெசிடென்டுகளுக்கு வாரம் 80 மணி நேரம் என்று உச்ச வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றிய விதி சராசரி 48 மணி நேரம். வரம்பு காகிதத்தில் இருப்பது வேறு, டியூட்டி பட்டியல் போடுகிறவர் அதை மதிப்பது வேறு. "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்கும் சீனியர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. கையெட்டும் தூரத்தில் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் புரோபோஃபோல் என்ற தூக்க மருந்தும் இருக்கும் துறை இது. களைப்பும் மன உளைச்சலும் சேர்ந்து அந்த மருந்துகளிடமே சிக்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் துறையில் ரெசிடென்ட் என்றால், மார்க் என்ன என்பதைவிட நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள்.

நோயாளியாகப் போகும்போது தாராளமாகக் கேட்கக் கூடியவை சில உண்டு. எனக்குப் பொறுப்பான சீனியர் யார்? மயக்கம் தொடங்கும்போதும் தெளியும்போதும் அவர் அறையில் இருப்பாரா? முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியுமா, முழு மயக்கம்தான் வேண்டுமா? கேள்வி கேட்டதற்காக எந்த ரெசிடென்டாவது முகம் சுளித்தால் சீனியரைக் கூப்பிடச் சொல்லலாம். வீடு திரும்பிய முதல் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதோ பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதோ வேண்டாம். அப்புறம், தெளிந்த பிறகு "உங்களுக்கு டியூப் போடுவது கொஞ்சம் சிரமமாக இருந்தது" என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன சிரமம், எந்தக் கருவியால் முடிந்தது என்று எழுதித் தரச் சொல்லி வாங்கி, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை மயக்க மருந்து டாக்டர் வந்தவுடன் முதலில் அதைக் காட்டுங்கள்.